ஒரு பேழை, இரண்டு சொந்தக்காரர்கள்

காலை ஆறரைக்குக் கட்டைவிரலைத் தகட்டில் வைத்தால் நினைவுகள் இறங்கும், அப்புறம்தான் காபி. இந்த 2140-இல் எவரும் மண்டையில் எதையும் சுமப்பதில்லை. எல்லாம் பதிவகத்தில், நினைவுப்பேழைகளில். அங்கே ஒவ்வொருவரும் ஒரு வரி: முதலில் ‘மனிதர்’, அதற்குக் கீழே ‘மாணவர்’, ‘பணியாளர்’ அல்லது ‘ஓய்வாளர்’. ஆளையும் அட்டவணையையும் முடிச்சுப் போடும் மேப்பர் என்ற நிரலை எழுதியவன் அடியேன். நான் இல்லாவிட்டால் பாதி ஆசியா தன் பெயரையே மறந்து தெருவில் நின்றிருக்கும்.

இன்று பத்து மணிக்கு எனக்குப் பணி ஓய்வு. ஒன்பதரைக்குப் பதிவகத்திலிருந்து ரிஸ்வானா அழைத்தாள்.

“சார், உங்க பணியாளர் வரியை அழிச்சுட்டு, ஓய்வாளர்னு புதுசா எழுதணும்...”

“தெரியும்மா, நான் போட்ட விதிதானே? நினைவுப்பேழையைப் புது வரிக்கு மாத்திடு.”

“மாத்த முடியல சார். கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்த பேழைக்கு ரெண்டு சொந்தக்காரங்க இருக்காங்க. மேப்பர் ஏத்துக்க மாட்டேங்குது. பழைய வரி போனா பேழையும் கூடவே அழிஞ்சிடும். ரெண்டு பேருக்கும்.”

நெஞ்சில் ஒரு யானை ஏறி உட்கார்ந்தது. ஒன்றல்ல, இரண்டு. கல்யாணத்தன்று, இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, எனக்கும் கோமதவல்லிக்கும் ஒரே பேழையைக் கைகாட்டி வைத்தவன் நான்தான். விதிக்குப் புறம்பான அந்தக் குறும்பைக் காதல் என்று சொல்லி அலுவலகமே கைதட்டியது.

“பிரதி எடும்மா!”

“முப்பத்தெட்டு வருஷம் சார், ரெண்டு நாளாகும். பத்து மணியை யாரும் தள்ளிப்போடக் கூடாதுன்னு பூட்டினதும் நீங்கதான். அதுக்குள்ள ஒருத்தர் பேரை வெட்டிடுங்க. வெட்டின உடனே அவங்க தலையிலிருந்தும் எல்லாம் போயிடும்.”

கோமதவல்லி பக்கத்தில்தான் நின்றாள். “நீங்களே வச்சுக்குங்க. உங்க குறட்டையை மறந்தா எனக்கு லாபம்தான்” என்று சிரித்தாள். ஆறிப்போன காபியைத் திரும்பத் திரும்ப ஆற்றினாள்.

காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு இதைக் காகிதத்தில் கிறுக்குகிறேன். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அவசரத்தில் எழுத்து அடுத்த தெருவரை ஓடுகிறது. வெட்டப்போவது என் பெயரை.

*

மேலே இருப்பது என் கையெழுத்தாம். இது யார் வீடு? எதிரே சர்க்கரை டப்பாவோடு ஓர் அம்மாள் நிற்கிறாள். நான் வாசல் எந்தப் பக்கம் என்று தேடுகிறேன்.

“பயப்படாதீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முப்பத்தெட்டு வருஷமும் எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன். கல்யாணத்துக்கு நீங்க யானை மேல வந்தீங்க.”

சரிபார்க்க என்னிடம் எதுவும் இல்லை.

“எத்தனை யானை?” என்று கேட்டேன்.

“ரெண்டு.”