கோட்டுக்கு மேலே

சுவரில் விழுந்த வெளிச்சத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் நெட்டுக்குத்தாக நின்றன. ஸ்பேனர் புது விளக்கின் கண்ணாடியைத் துணியால் துடைத்தான், பட்டைகள் போகவில்லை. வாயால் ஊதினான், முழங்கையால் தேய்த்தான், விளக்குக்கு முன்னால் ஏதாவது தொங்குகிறதா என்று கையை நீட்டிக் காற்றைத் துழாவினான். காருக்கும் சுவருக்கும் நடுவில் இருபத்தைந்து அடி வெறும் தரை, எண்ணெய்க் கறையும் சிதறிய நட்டுகளும் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் யாரோ காலைச் சற்று அகட்டி வைத்து வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நிற்பதுபோல, அந்தப் பட்டைகள் தரையிலிருந்து கிளம்பி, வெளிச்சம் முடிகிற இடம் வரை ஏறி, அங்கே வெட்டுப்பட்டிருந்தன.

புது லென்ஸில் சின்னக் குறை ஏதாவது இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றான் ஸ்பேனர். காரின் சொந்தக்காரர் அவனுடைய அக்கா புருஷன். பட்டறை வைத்த நாளிலிருந்து அவனுக்கு அந்தப் பேர்தான். அவனுடைய மாமாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, அதனால் அவர் எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். ஊர் முழுக்கப் பார்வையைத் திருத்துகிற மனுஷன் மஞ்சள் பூத்த விளக்கை வைத்துக்கொண்டு தடவித் தடவி வண்டி ஓட்டுகிறாரே என்று ஸ்பேனர் இரண்டு வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்தான். கடைசியில் ஒரு நாய் குறுக்கே வந்து இடது பக்க விளக்கு உடைந்த பிறகுதான் அவர் வழிக்கு வந்தார். நாய் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

"இங்க பாருங்க மாமா," என்று சுவரைக் காட்டினான். "கோடு போட்டு வெட்டுன மாதிரி இருக்கா? தொடைக்குக் கீழ பகல், தொடைக்கு மேல ராத்திரி. எதிர்ல வர்றவன் கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழாது. மேல பாக்கணும்னா ஸ்டீரிங் பக்கத்துல இருக்கிற குச்சியைத் தட்டுங்க, மரத்து உச்சி வரைக்கும் தெரியும்."

பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினான். உடைந்த விளக்கைக் கழற்றும்போது அதன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்ததாம். சிவப்பு லேஸ், ஒரு முழ நீளம், நுனியில் காய்ந்த சேறு.

"நாய் எப்போ மாமா ஷூ போட ஆரம்பிச்சுது?"

கண்ணாடிக்காரர் லேஸிலிருந்து பார்வையை எடுத்தார். ரோட்டில் கிடந்த குப்பை ஏதாவது சுற்றியிருக்கும் என்று எப்படியோ சொல்லிவிட்டார். ஸ்பேனர் சிரித்தான்; எதையும் இரண்டாம் தரம் யோசிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. வயர் கட்டும் பட்டை தீர்ந்துபோயிருந்ததால், புது விளக்கின் பின்னால் தொங்கிய வயர்களை அந்த லேஸாலேயே இறுக்கிக் கட்டி, ஒரு சுருக்குப் போட்டு, பானெட்டைச் சாத்தினான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். மனைவிக்கு ஊருக்கு வெளியே பழங்கள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு விடுவார்கள். கடையை மூடிவிட்டு வாய்க்கால் ரோடு வழியாகப் போய் அழைத்து வருவது அவருடைய வழக்கம். மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அவள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவள், ஐந்து நிமிஷம் தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த வியாழக்கிழமை தூறலில், மதகுக்குப் பக்கத்தில், மங்கல் வெளிச்சத்துக்குள் வெள்ளையாக ஏதோ வந்தது, மோதியது, சரிவில் உருண்டது. நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம், கூரையில் தூறல், அதற்கு நடுவில் கீழே புதருக்குள்ளிருந்து ஒரு மூச்சு. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் வருமே, அப்படி. பிறகு தெளிவாக, "அண்ணா" என்று ஒரு வார்த்தை. நாய் அண்ணா என்று கூப்பிடாது. அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். அவள் மழையில் நடக்க ஆரம்பித்துவிடுவாள், அவள் காத்திருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனார். அன்றிரவு சாப்பிட்டார், நன்றாகத் தூங்கவும் தூங்கினார்.

புது விளக்கோடு போன முதல் நாள், மதகுக்குப் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள். வெளிச்சம் தரையைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஈரத் தாரில் பதிந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் அதனதன் நிழலோடு தெரிந்தது, ஓரத்துப் புல்லின் நுனியில் நின்ற நீர்த்துளி கூடத் தெரிந்தது. அந்தப் புல்லில் இரண்டு கால்கள் வாய்க்காலைப் பார்த்து நின்றன. வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கணுக்காலில் சேறு, கறுப்புக் கால்சட்டை, தொடையில் வெளிச்சம் முடிகிற கோடு. அதற்கு மேல் இருட்டு. பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு கடந்தார். அந்த ரோட்டில் பஸ் கிடையாது என்பது கிடங்கு வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது மனைவி பக்கத்தில் இருந்தாள், புல்லோரம் வெறுமையாக இருந்தது. விளக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடையில் அவர் ஆட்களின் கண் முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும் கேள்வியை அதே குரலில் சொல்லி அவரைச் சீண்டுவது அவள் பழக்கம். அதே மாதிரி, மதகை நெருங்கும்போது கையை நீட்டிக் குச்சியைத் தட்டினாள்.

"இதுல தெரியுதா சார்? அதுல தெரியுதா?"

ரோடு மேலே எழும்பியது, மரங்கள் எழும்பின, அடங்கின, மறுபடி எழும்பின. அவர் அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று தள்ளினார். கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அப்படித் தள்ளியது இல்லை. வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் நாள் கால்கள் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வலது ஷூவில் சிவப்பு லேஸ் அழகாகச் சுருக்கிடப்பட்டிருந்தது. இடது ஷூவில் லேஸ் இல்லை. அதன் நாக்கு வெளியே தொங்கியது.

மூன்றாம் நாள் நடு ரோட்டில் நின்றன. பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கி, அந்தக் கால்களுக்கு நாலடி முன்னால் நின்றது. தூறல் வெளிச்சத்துக்குள் விழுந்து ஜரிகை மாதிரி மின்னியது, அந்தக் கால்சட்டையில் மட்டும் விழவில்லை. கட்டைவிரல் குச்சியின் மேல் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தானே அன்றைக்குக் கண்ணாடியை ஏற்றினார்? விரலை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கியரைப் போட்டு, அந்தக் கால்களின் மேலேயே ஓட்டினார். எதுவும் மோதவில்லை. கிடங்கின் குளிர் அறைக் கதவைத் திறந்தால் வருகிற காற்று மாதிரி ஒரு சில்லிப்பு காருக்குள் முன்னிருந்து பின்னால் போனது. அவ்வளவுதான்.

மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்? ஐந்தாம் நாள் பிரேக்கைத் தொடாமலே போனார். ஆறாம் நாள் பாட்டு போட்டுக்கொண்டு போனார். ஒன்று மட்டும் உறுத்தியது. கால்கள் இப்போது மதகில் நிற்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடங்குப் பக்கம் தள்ளித் தள்ளி நின்றன, தினமும் வேலை முடிந்து நடந்துபோகிற யாரோ ஒருவர் மாதிரி.

ஏழாம் நாள் ஒரு தையல்காரர் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். மகளைக் காணவில்லை, கடைக் கதவில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். கண் தெரியவில்லை, எழுத்தெல்லாம் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று படித்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். கண்ணாடிக்காரர் படித்தார். வயது பத்தொன்பது. தீயணைப்பு வேலைத் தேர்வுக்காகத் தினமும் சாயங்காலம் ஓடுவாள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, சிவப்பு லேஸ்.

"லேஸ் நான்தான் மாத்திவிட்டேன் தம்பி," என்றார் தையல்காரர். "வண்டிக்காரங்க கண்ணுல படட்டும்னு."

ரயிலடிப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னதால் போலீஸ் அங்கேதான் தேடுகிறதாம். கண்ணாடிக்காரர் டேப்பைக் கிழித்து நாலு மூலையிலும் அழுத்தி ஒட்டினார். நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணையும் சோதித்தார். இதுல தெரியுதா, அதுல தெரியுதா என்று வில்லைகளை மாற்ற மாற்ற, ரெண்டுலயும் மங்கலாத்தான் தம்பி இருக்கு என்றார் அவர். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தால் எந்த வில்லையில்தான் தெரியும்? அவர் போனதும் கண்ணாடிக்காரருக்கு முதலில் வந்தது நிம்மதி. நம்மை யாரும் நினைக்கவில்லை. இரக்கம் வருமா என்று கொஞ்சம் காத்துப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போய் விளக்கை இன்னும் கீழே இறக்கச் சொன்னார். பிழைக்க வழி தெரிந்தவனெல்லாம் ஏற்றச் சொல்வான், நீங்க இறக்கச் சொல்றீங்களே என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனர் திருகாணியைத் திருப்பினான். சுவரில் இருந்த கோடு சரசரவென்று இறங்கித் தரையை ஒட்டி வந்தது. இன்னும், இன்னும் என்றார் அவர். இனி பத்தடிக்கு முன்னால் வெறும் ஷூதான் தெரியும். அடுத்த வாரம் அதுவும் தெரியாமல் பண்ணிக்கொள்ளலாம்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. தையல்காரர் தம் புதுக் கண்ணாடியை வாங்க வந்து, தாங்க முடியாமல் நெடுநேரம் உட்கார்ந்து மகளைப் பற்றியே பேசினார். போகச் சொல்ல வாய் வரவில்லை. கடையை மூடும்போது மணி ஏழு நாற்பது. போன் சார்ஜ் இறங்கி மேசைமேல் செத்துக் கிடந்தது.

வாய்க்கால் ரோட்டில் அவர் ஒருவர்தான். வைப்பர் ஒரு பக்கம் கீச்சென்றது. சீட்டில் ஈர நாற்றம், டாஷ்போர்டில் சூடான பிளாஸ்டிக் வாசனை, தவளைகளின் கத்தல் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி கூடவே ஓடி வந்தது. வெளிச்சம் தாரைத் தடவிக்கொண்டே போனது, பாய் விரித்த மாதிரி குட்டையாக. மதகு வந்தது. ஒருவரும் இல்லை. அடுத்த வளைவு. இல்லை. கிடங்குக்கு ஒரு மைல்தான் இருந்தது. அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்.

அங்கே நின்றன.

வெள்ளை ஷூ. நடு ரோடு. அவரைப் பார்த்து.

இன்றைக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டாயா என்று நினைத்தார். கோபம்கூட வந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

ஷூ ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தது. அது ஒருநாளும் நகர்ந்ததில்லை.

இரண்டிலும் லேஸ் இருந்தது.

வெள்ளை லேஸ்.

கிடங்கில் அவளுக்குக் கொடுத்த ஷூ.

சத்தம் சின்னதுதான். அன்றைக்கு வந்த அதே சத்தம். கார் நின்றது. வைப்பர் நின்றது. தவளைகளும் நின்றுவிட்டன. சரிவிலிருந்து ஒரு மூச்சு, புரையேறியதுபோல. பிறகு அதுவும் இல்லை.

கதவின் கைப்பிடியைத் தேடிய விரல்கள் ஜன்னல் கண்ணாடி ஏற்றும் பொத்தானையே போய்த் தொட்டன. எத்தனை நேரம் போயிற்றென்று தெரியாது.

அப்போது வெளிச்சத்துக்குள் வெள்ளை ஷூக்கள் வந்து நின்றன. வெள்ளை லேஸ். எழுந்துவிட்டாள். அடி படவில்லை. அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சத்தம் போட்டு அழுதார்.

அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி வந்து நின்றது. வலது ஷூவில் சிவப்பு. இடது ஷூவில் நாக்கு தொங்கியது.

நாலு கால்கள். அதற்கு மேல் இருட்டு.

"இதுல தெரியுதா சார்?" இருட்டிலிருந்து மனைவியின் குரல். வாய்க்குள் தண்ணீர் இருந்தது. "அதுல தெரியுதா?"

அவர் குச்சியைத் தொடவில்லை. தொடவே இல்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டார். மேலே வெளிச்சம் போகாதவரை ஒன்றும் தெரியாது. ஒன்றுமே தெரியாது.

லேஸ் இல்லாத கால் ஒரு எட்டு முன்னால் வைத்தது. இடது விளக்குக்கு நேரே. விளக்கின் பின்னால் கட்டியிருக்கும் சிவப்பு லேஸை எடுக்க வேண்டுமென்றால் குனியத்தான் வேண்டும்.

முதலில் கை இறங்கியது.

பிறகு முடி. சேறு சொட்டச் சொட்ட.

பிறகு, கோட்டைத் தாண்டி, மெல்ல, வெளிச்சத்துக்குள் நெற்றி.