கல் உப்புத் தண்ணீர்

“அண்ணே, வாயைத் திற.”

அதை மட்டும் அவனிடம் கேட்கவே கூடாது என்று அம்மா விமலா ஷாமினியிடம் சொல்லியிருந்தாள். தை மாதம் அண்ணன் தீபனுக்குக் கல்யாணம்; தொண்டையில் ஏதோ கோளாறு என்று பொண்ணு வீட்டுக்குத் தெரிந்தால் முறிந்துவிடும். பங்கோர் தீவுப் பாறைகளில் தூண்டில் போடப் போனவன் வழுக்கி, பாறைக்குழியில் தேங்கிய கடல்நீரில் குப்புற விழுந்து, மூச்சுமுட்டக் குடித்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து பேச்சில்லை. சோறும் இறங்கவில்லை. கொப்பளிக்க அம்மா தந்த கல் உப்புத் தண்ணீரை விழுங்கினான். அதையே திரும்பத் திரும்பச் சைகையில் கேட்டான்.

“கிளினிக்குக்குப் போலாம்மா.”

“சும்மா இருலா ஷாமினி. பாறையில நத்தை எண்ணி டிகிரி வாங்குனவ, டாக்டராட்டம் பேசாத.”

“இந்த வீட்ல அதையாவது வாங்குனது நான் ஒருத்திதான்.”

சிலிபின் வட்டாரத்தின்மேல் மத்தியான மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாத்திக்கிடந்த அறையில் வியர்வை நாற்றம், தைல நெடி, அவற்றுக்கு அடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொன்று: அலை இறங்கியபின் வெயிலில் காயும் பாறையின் கவிச்சி. கூடவே ஒரு சத்தம், சட்டியில் அரிசி பொரிவதுபோல, சன்னமாக, ஓயாமல், அவன் இறுக மூடிய உதடுகளுக்குள்ளிருந்து.

“உப்புதான் புண்ணாக்குது. பச்சைத் தண்ணி குடிண்ணே.”

குடித்தான்.

சத்தம் நின்றது. பிறகு, டக். டக். டக். சின்னச் சின்னக் கதவுகள் சாத்திக்கொள்வதுபோல. தீபனின் கழுத்து புடைத்தது. உதடு நீலம் பாய்ந்தது. வாய் தானாகப் பிளந்தது.

கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

நாக்கின் அடியிலிருந்து தொண்டை முழுக்க வெள்ளைக் கூம்புகள். நெருக்கமாக. எல்லாம் மூடிக்கிடந்தன.

தெரித்திப், பாறையில் அப்பிக்கிடக்கும் கொட்டலசு. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் இரையை வாய்க்குள் தள்ளி வாழும் ஜீவன். மழைத்தண்ணீர் பட்டால் மூடிக்கொள்ளும். உப்பு வரும்வரை காத்திருக்கும்.

தீபனால் முடியாது.

“உப்பும்மா! சீக்கிரம்!”

அம்மா கரைத்துத் தந்ததை ஷாமினி அவன் வாயில் ஊற்றினாள். மூடிகள் விலகின. மூச்சு சீறிக்கொண்டு வந்தது. கூம்புக்குக் கூம்பு, இறகுக் கால்கள் எட்டிப்பார்த்துக் காற்றைத் துழாவின.

“புள்ளைக்குப் பசிக்குது,” என்றாள் அம்மா.

“பசி அவனுக்கு இல்லம்மா.”

டப்பாவில் உப்பு தீர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதல் வேலையாகக் குடிக்கப் பச்சைத் தண்ணீர்தான் தருவார்கள்; எல்லாம் மறுபடி மூடிக்கொள்ளும். கார் சாவியை எடுத்தாள். அண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“எங்கடி? பொண்ணு வீட்ல கேட்டா என்ன சொல்ல?”

“கடலுக்குப் போயிட்டான்னு சொல்லு.”

வாசலில் மழை கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. அவன் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

உள்ளங்கையை அந்த இறகுக் கால்கள் தொட்டன. ஈரமாக. மெல்ல. ரேகை ரேகையாக, ருசி பார்த்து.

கையை எடுக்காமல் இறங்கி நடந்தாள்.