நானும் என் கட்டியும்

மூச்சை விடச் சொல்வதற்கு முன்பே யாரோ விட்டுவிட்டார்கள்.

தையல்காரி விடவில்லை. கன்னம் உப்ப அடக்கிக்கொண்டுதான் கிடந்தாள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மூக்குக்கு நேரே வெள்ளைக் கூரை, வயிற்றின் குறுக்கே பட்டை, ஸ்பிரிட் நெடி, காதில் மாட்டிய ஹெட்போனையும் மீறித் தகரத்தில் சுத்தியல் அடிப்பதுபோல் இயந்திரத்தின் சத்தம்; அது ஓய்ந்த இடைவெளியில்தான் அந்தப் பெருமூச்சு வெகு பக்கத்தில் கேட்டது.

“மூச்சை விட்டுட்டீங்கம்மா. படம் கலங்கிப்போச்சு,” என்றாள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஸ்கேன் எடுப்பவள்.

“நான் விடலைம்மா.”

“சரி, இன்னொரு தடவை. பயப்படாதீங்க.”

பயப்படாமல் என்ன செய்வதாம்? சினைப்பையில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. ரத்தத்தில் மருந்தை ஏற்றி, அது கட்டிக்குள் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்ப்பார்களாம். மெதுவாகப் போனால் பெரும்பாலும் பயமில்லை, விறுவிறுவென்று போனால் புற்றுநோயாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாய்ப் போகணும், மெதுவாய்ப் போகணும். காலையிலிருந்து அவளுக்கு அதே ஜபம்தான்.

உள்ளே வரும்போது, “கூட யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டார்கள். “யாரு இருக்கா? நானும் என் கட்டியும்தான்,” என்று சிரித்து வைத்தாள். பொய்யில்லை. கணவன் போனபின் அந்த ஒற்றை அறையில் பேச்சுத்துணைக்கு யாருமில்லை. படுத்ததும் அடிவயிற்றில் இரண்டு தட்டுத் தட்டி, “என்னடி, தூங்கலையா?” என்று கட்டியைத்தான் கேட்பாள். உனக்கென்ன பைத்தியமா என்று திட்டக்கூட வீட்டில் ஆள் கிடையாது.

மருந்து ஏறியது. கை ஜில்லென்றது. இயந்திரம் அடித்து ஓய்ந்தது.

“என்னம்மா ஆச்சு? மெதுவா போகுதா?”

“கட்டிக்குள்ள மருந்து போகவே இல்லைம்மா.”

அப்பாடா! கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. “அப்ப அதுல ரத்தமே ஓடலையா?”

“ஓடுது,” என்றாள் ஸ்கேன் எடுப்பவள். “உங்ககிட்டேருந்து கட்டிக்கு இல்ல. கட்டியிலேருந்து உங்களுக்கு ஓடுது.”

நாற்காலி உருளும் சத்தம். கதவு படாரென்று சாத்தப்படும் சத்தம்.

“அம்மா? ஏம்மா, எங்க போற?”

கையிலிருந்த அழைப்பு மணியின் ரப்பர் பந்தை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். யாரும் வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது. ஆனாலும் மூச்சு கேட்டது. தன்னுடையதா என்று பார்க்க, அடக்கினாள்.

கேட்டுக்கொண்டே இருந்தது.

பட்டைக்கு அடியில், உள்ளிருந்து, ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அவள் தட்டுவது போலவே.

“என்னடி,” என்றது அடிவயிறு, அவள் குரலிலேயே. “தூங்கலையா?”

அலற வாய் திறந்தாள்.

“மூச்சைப் பிடி.”

பிடித்தாள்.

விடச் சொல்லவே இல்லை.