பங்கஜத்தின் மஞ்சள்

மதியச் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே போன பிறகும், தேயிலை அரைக்கிற ரோலரின் தகர மூடி மேல் அந்த மஞ்சள் நிறம் நின்றுகொண்டிருந்தது. ஜெகதீசன் முதலில் லைட்டைத்தான் பார்த்தான். எரியவில்லை. வெளியே கோத்தகிரி ரோட்டையே முழுங்கிவிட்ட பனிமூட்டம், ஜன்னலில் வெயிலென்று பேருக்குக்கூட இல்லை.

அவனுக்குச் சத்தமெல்லாம் நிறமாகத் தெரியும். மனைவி ரஞ்சனியின் குரல் கத்தரிப்பூ நிறம், பஸ் ஹாரன் செங்கல் நிறம். "மூளையில காதுல கேக்குறதும் கண்ணுல தெரியறதும் கலந்துக்குது, வியாதியெல்லாம் இல்லீங்க" என்று கோயமுத்தூர் டாக்டர் சிரித்தார். ஜெகதீசனுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லி, கிறுக்கன் என்று பேர் வாங்கினவன். ஃபேக்டரியில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இதில் கூத்து என்னவென்றால், அவனுடைய சொந்தக் குரலுக்கு மட்டும் நிறமே கிடையாது.

மஞ்சள், பங்கஜத்தின் நிறம். மெஷினுக்குள் தலையை விட்டு ரோலரைத் தேய்க்கும்போதெல்லாம் அவள் ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள். சுவிட்ச் ஜெகதீசன் பொறுப்பு; போடுமுன் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து பதில் வராவிட்டால்தான் போட வேண்டும். அவன் கூப்பிட்டதே இல்லை. மஞ்சள் தெரிந்தால் அவள் உள்ளே, தெரியாவிட்டால் வெளியே. ஆறு வருஷம் இப்படியே ஓட்டிவிட்டான்.

போன மாதம் ஒருநாள் மண்டையிடி. "பாடாதீங்க, கண்ணு கூசுது" என்று எல்லார் முன்னாலும் அவள் மேல் எரிந்து விழுந்தான். "பாட்டுக்குக் கண்ணு கூசுமாக்கும்!" என்று பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பங்கஜம் மட்டும் சிரிக்கவில்லை. "சரிங்கண்ணா" என்றாள்.

மறுநாள் மஞ்சள் தெரியவில்லை. சுவிட்சைப் போட்டான்.

"கூப்பிட்டேனுங்க, பதிலே வரலை" என்று அவள் சாவு விசாரணையில் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள், ஆறுதல்கூடச் சொன்னார்கள். சீ, என்ன பிழைப்பு இது! அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தாலே கூசியது. ரஞ்சனியின் முகத்தைப் பார்த்துப் பேசி மாதம் ஆயிற்று.

இப்போது வாடிய இலையின் புளித்த வாசமும் கிரீஸ் நாற்றமும் தொண்டையை அடைக்க, அந்த மஞ்சள் மூடியிலிருந்து மெல்ல வழிந்து, சிமெண்டுத் தரையில் இறங்கி, சத்தமே இல்லாமல் அவன் செருப்பை நோக்கி வந்தது.

"மாமா."

வெளிர்ப்பச்சைக் குரல். பங்கஜத்தின் மகள் வர்ஷா. அம்மாவின் வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள், இன்றுதான் முதல் நாள். கையில் அம்மாவின் பிரஷ்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னைக்கு எங்கம்மாவை நீங்க கூப்பிட்டீங்கதானுங்களே? ஊட்டுல ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்குதுங்க."

மஞ்சள் முழங்காலுக்கு ஏறியது. சொல்லிவிடு. இப்போதே சொல்லித் தொலை. அவள் காலில் விழு. வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"கூப்பிட்டேம்மா."

வார்த்தை மஞ்சளாக வெளியே வந்தது.

அவன் வாயிலிருந்து. அவன் குரல். மஞ்சள்.

வர்ஷாவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. "மாமா... இது..."

இல்லை, கூப்பிடவில்லை, பாடாதே என்றவனே நான்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். நிஜமாகவே சொல்லத்தான். வந்தது முனகல். ஒரு பெண்ணின் முனகல். ரோலர் தேய்க்கிற பாட்டு.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். நிற்கவில்லை. பல்லைக் கடித்தான். நிற்கவில்லை. மூச்சுக்கு இடமில்லை.

வர்ஷா கிட்டே வந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். பொத்திய கைகளின் மேல் காதை வைத்தாள்.

"நிறுத்தாதே அம்மா" என்றாள். "பாடு."

அவன் விரலிடுக்கெல்லாம் மஞ்சள் வழிந்துகொண்டே இருந்தது.