மூணாவது ரூம் காலி!

'டமார்!'

காலை மணி பத்து பத்து.

மாடியில் ஏதோ வெடித்தது!

பிசியோதெரபி கிளினிக்கின் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. முழங்கால் வலிக்காக உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த ரிடையர்டு வாத்தியார் பாதியிலேயே இறங்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். ரிசப்ஷன் பெண், "ஐயோ... துப்பாக்கி!" என்று அலறியபடி மேஜைக்கடியில் புகுந்துகொண்டாள்.

ஒரே ஒருவன் மட்டும் அசையவில்லை.

கல்லுளி.

கமாண்டோ படையில் வைத்த பட்டப்பெயர் கல்லுளிமங்கன். வாயைத் திறக்காதவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? நாளடைவில் பாதி தேய்ந்து கல்லுளி ஆகிவிட்டது. படையை விட்டு வந்து எட்டு மாதம். இடது தோளில் குண்டு நுழைந்த தழும்பு. குப்புறப் படுத்திருந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

தோளை அழுத்திக்கொண்டிருந்த பிசியோவின் விரல்கள்தான் ஒரு விநாடி நின்றன.

"உங்களுக்குத் தூக்கிவாரிப் போடலையா?"

"சத்தம்தானே, டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வலிக்குதான்னு கேக்கறவங்க எல்லாரும் எனக்கு டாக்டர்தான்."

"சரி... வலிக்குதா?"

"இல்ல."

"அதான் உங்க வியாதியே!"

உண்மை. வலி இல்லை. பசி இல்லை. காபி சுட்டதா ஆறியதா என்று நாக்குக்குத் தெரிவதில்லை. எட்டு மாதமாக உடம்பு மரக்கட்டை. அவளுடைய கட்டைவிரல் பதிகிற இடத்தில் மட்டும் லேசாக, ஏதோ ஒன்று. அது என்னவென்று அவளிடமே கேட்டுவிடலாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

மாடிப்படியில் யாரோ கத்தினார்கள்.

"ரெண்டாவது மாடி! சக்கர நாற்காலிக்காரர் வீடு! ரத்தம்... ரத்தம்!"

கல்லுளி எழுந்தான். சட்டையைத் தேடவில்லை.

அந்த வீட்டில் இருந்தவன் அவனுடைய ஒரே நண்பன்!

* * *

ரேடியோ சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தான். வலது பொட்டில் ஓட்டை. மடியில் அவனுடைய சொந்தத் துப்பாக்கி.

படையில் ரேடியோ பெட்டியைச் சுமந்தவன். எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பவன். கடைசித் தாக்குதலில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோதுகூட, "இனிமே செருப்பு தேயாதுடா!" என்று சிரித்தவன்.

இப்போது பேசவில்லை.

கல்லுளி பார்த்தான். அழுகை வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக வந்தார்.

"பட்டாளத்துல அடிபட்டவர். காலும் போச்சு. மனசு விட்டுட்டார்... ஹச்! கேஸ் ரெண்டே வரியில முடிஞ்சுது. கடிதம் ஏதாவது?"

கீழே கிளினிக் தட்டில் கிடந்த கல்லுளியின் செல்போனைக் கான்ஸ்டபிள் கொண்டுவந்தார். ரேடியோவின் நம்பரிலிருந்து மெசேஜ். ஒன்பது நாற்பதுக்கு.

'மூணாவது ரூம் காலின்னு சொன்னது என் தப்பு. கேப்டனைக் கொன்னது நான்தான். என்னை மன்னிச்சிடு.'

கல்லுளி இரண்டு தடவை படித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

"காலின்னா? எங்க டிபார்ட்மென்ட்ல காலின்னா ஆள் அவுட்டுன்னு அர்த்தம்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க படையில அப்படி இல்ல சார். ரூமுக்குள்ள எதிரி யாரும் இல்லைன்னு அர்த்தம். உள்ளே போய்ப் பார்க்கிறவன் 'காலி'ன்னு குரல் குடுப்பான். அதுக்கப்புறம்தான் கேப்டன் காலை வைப்பார்."

"அன்னிக்கு?"

"மூணாவது ரூம் காலின்னு குரல் வந்துச்சு. கேப்டன் வந்தார். பீரோவுக்குப் பின்னாடி ஒருத்தன் இருந்தான்."

"முன்னாடி போனது யாரு?"

"நானும் ரேடியோவும்."

"சரிதான். எட்டு மாசமா மனசுல வெச்சுக் குமைஞ்சிருக்கார்... ஹச்! தற்கொலை. எழுதிக்கய்யா."

"அண்ணே!"

வாசலில் ரேடியோவின் மனைவி. போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். நிறைமாத வயிறு. விரலில் முத்திரை மை.

"தொட்டில் வாங்கணும்னாரு அண்ணே. பச்சையா, மஞ்சளான்னு காலையில ஒரே சண்டை. பிசியோ அக்கா வர்ற நேரம்னு கதவைச் சும்மா சாத்திட்டுப் போனேன். அவங்களும் இன்னிக்கு வரலையாமே! வந்திருந்தா தடுத்திருப்பாங்களே!"

"உக்காரும்மா."

"தற்கொலைன்னு எழுதறாங்களே அண்ணே! நாளைக்கு இது பொறந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? உங்கப்பாவுக்கு நம்மளோட இருக்கப் பிடிக்கலைன்னா?"

அவள் அவனுடைய கையைப் பிடித்து உலுக்கினாள். யாருடைய கையையோ உலுக்குவதுபோல் இருந்தது.

"எழுத விட மாட்டேன்மா," என்றான் கல்லுளி.

திரும்பினான்.

"சார், பத்து பத்துக்கு வெடிச்சது துப்பாக்கி இல்ல."

"பின்னே?"

"பட்டாசு."

"ஊரே துப்பாக்கிங்குது! நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"நிஜத் துப்பாக்கியா இருந்தா, அந்த ரிசப்ஷன் பொண்ணுக்கு முன்னாடி நான் மேஜைக்கடியில போயிருப்பேன்."

பால்கனிக்குப் போனார்கள். பூந்தொட்டிக்குப் பின்னால் கருகிய காகிதத் துணுக்குகள். வாய் பிளந்த தகர டப்பா. விரல் நீளத்துக்குச் சாம்பல் கோடு.

இன்ஸ்பெக்டர் குனிந்து முகர்ந்தார். ஜலதோஷம். ஒன்றும் தெரியவில்லை.

"என்னய்யா இது?"

"ஊதுவத்தி, சார்!" என்றார் கான்ஸ்டபிள். "மல்லிகை."

ஊதுவத்தியின் நுனியைப் பற்றவைத்து, அடியில் பட்டாசுத் திரியைக் கட்டியிருக்கிறார்கள். அது பொறுமையாக எரிந்து முடிவதற்குள் ஆள் எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம்.

உள்ளே இருந்து போலீஸ் டாக்டர் குரல் கொடுத்தார்.

"இன்ஸ்பெக்டர்! காயத்துல பஞ்சு ஒட்டியிருக்கு. தலையணையை வெச்சு அழுத்திச் சுட்டிருக்காங்க. ரத்தம் காய்ஞ்சிருக்கறதைப் பார்த்தா பத்து பத்துக்கு ரொம்ப முன்னாடியே உயிர் போயிருக்கு!"

இன்ஸ்பெக்டருக்குத் தும்மலே நின்றுவிட்டது.

"கொலையா! அப்போ எதுக்குப் பட்டாசு?"

"பத்து பத்துக்குத்தான் செத்தான்னு நாம நம்பணும். அந்த நேரத்துல கொலை பண்ணின ஆளு, வேற இடத்துல, நல்ல சாட்சியோட இருக்கணும்."

"யாரு அந்தச் சாட்சி?"

கல்லுளி சொன்னான்.

"நான்."

* * *

கிளினிக் காலியாக இருந்தது. பயந்துபோன வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தார். தைல வாசனை. பிசியோ, துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? பாவம் அவர்... படுங்க. பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க."

"உக்காந்துக்கறேன்."

அவள் விரல்கள் தோளில் பதிந்தன. அதே இடம். அதே லேசான ஏதோ ஒன்று.

"கேப்டன் உங்களுக்கு என்ன வேணும், டாக்டரம்மா?"

விரல்கள் நின்றன.

"எந்தக் கேப்டன்?"

"மூணாவது ரூம் காலின்னு ரேடியோ சொன்னான்னு மெசேஜ்ல இருக்கு. விசாரணையில அவன் பேரு வரல. என் பேரும் வரல. 'யாரோ குரல் குடுத்தாங்க'ன்னு எழுதி மூடிட்டாங்க. ரேடியோதான்னு நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். மூணு மாசம் முன்னாடி, இதே கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு."



அவள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக.

"எங்களுக்குள்ள நிச்சயம் ஆகியிருந்துச்சு," என்றாள். "மோதிரத்துக்கு அளவு நூல்கூட அனுப்பியிருந்தேன். படையில யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. பசங்க ஓட்டித் தள்ளிடுவாங்களாம்."

"சொல்லியிருந்தா ஓட்டியிருப்போம்தான்."

"சவப்பெட்டி வந்தப்போ எனக்கு என்ன உறவுன்னு பக்கத்துல நிக்கறது? தெருவுல நின்னேன். வேடிக்கை பார்க்கிற ஜனத்தோட ஜனமா! அன்னிக்கு முடிவு பண்ணினேன். அந்தக் குரல் யாரோடதுன்னு தெரிஞ்சாகணும். அதுக்காகத்தான் இந்த வேலை. நீங்க வர்ற கிளினிக். ரேடியோ வீட்டுக்கும் இங்கேயிருந்துதான் போகணும்."

"காலையில ரேடியோ என்ன சொன்னான்?"

"துப்பாக்கி எந்த டிராயர்ல இருக்குன்னு போன மாசமே பெருமையா காட்டியிருந்தான். எடுத்து நீட்டினதும் முழிச்சான். 'அது நான் இல்ல'ன்னான். 'பின்னே யாரு சொன்னது?'ன்னு கேட்டேன். நாலு தடவை கேட்டேன்! என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தான். வாயைத் திறக்கல. பொய்க்காரன்!"

எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பவன்... வாயைத் திறக்கவில்லை!

கல்லுளி தனக்குள் தேடிப் பார்த்தான். எங்காவது வலிக்கும்.

எங்கேயும் இல்லை.

"உங்ககிட்ட மட்டும் நான் நடிக்கல," என்றாள் அவள். "சாட்சிக்காகத்தான் இன்னிக்குப் படுக்க வெச்சேன். மத்த நாளெல்லாம்... நிஜம்."

"ஹச்!"

பச்சைத் திரை ஆடியது. அதற்குப் பின்னாலிருந்து மூக்கைத் துடைத்தபடி இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கூடவே இரண்டு பெண் போலீஸ்.

"மன்னிக்கணும்மா. ஜலதோஷம். மத்தபடி எல்லாம் தெளிவா கேட்டுது."

அவள் ஓடவில்லை. கைகளை நீட்டினாள். விலங்கு பூட்டும் சத்தம் 'க்ளிக்'கென்று கேட்டது.

"கல்லுளி சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "தற்கொலைன்னு எழுதினதைக் கிழிச்சுப் போட்டாச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சரி சார்."

வாசல்வரை போன பிசியோ திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கண்களில் பயமில்லை. ஒரு களைத்த நிம்மதி.

"ஜெயிலோ, தூக்கோ... கவலையில்ல. அவரைக் கொன்ன குரலை நிறுத்திட்டேன். அது போதும் எனக்கு. சொல்லுங்க, நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கல்லுளி சட்டையை மாட்டிக்கொண்டான். மேல் பட்டன் வரை நிதானமாகப் போட்டான். எட்டு மாதமாக உண்மைக்குத் திறக்காத வாயைத் திறந்தான்.

"ஆளை நல்லா விசாரிச்சிருப்பேன், டாக்டரம்மா... அந்தக் குரலோட சொந்தக்காரனுக்குத்தானே மூணு மாசமா நீங்க தோளைப் பிடிச்சு விட்டுட்டு இருக்கீங்க!"