பாலத்தில் நின்ற கழுதை

கழுதை தலையைத் திருப்பிப் பஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

பவ்ஸான் அதன் தலையை மிக மெதுவாக, நூலளவு திருப்பினான். போனில் ஒரு படம் எடுத்தான். இன்னும் நூலளவு திருப்பினான். இன்னொரு படம். பக்கத்தில் நின்ற தங்கச்சி ஸரீனா மூச்சை அடக்கிக்கொண்டாள். மேசைக்குக் கிட்ட நின்று பலமாக மூச்சு விடக்கூடாது என்பது காக்காவின், அதாவது அண்ணனின், கட்டளை.

அது பிளாஸ்ரிக் கட்டைகளைப் பொருத்திச் செய்த கழுதை. மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த கட்டைப் பெட்டியில் சாம்பல் நிறம் குறைவாக இருந்தது. அதனால் கழுதைக்கு ஒரு கால் மட்டும் மஞ்சள்.

எடுத்த படங்களை வரிசையாக ஓடவிட்டால் கழுதை தானாகவே தலையைத் திருப்பும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பவ்ஸான் கதிரையிலிருந்து துள்ளிக் குதித்தான். மேசை ஆடியது. கட்டைகளால் கட்டிய பாலம் இடிந்து விழுந்தது. மறுபடியும் கட்டினான். அதற்குப் பிறகு எவ்வளவு சந்தோஷம் வந்தாலும் வாசலுக்கு ஓடிப்போய்த்தான் குதிப்பான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. படத்தை முடித்துக்கொண்டு வந்தால் மண்டபத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டலாம் என்று வகுப்பாசிரியர் நவரத்தினம் சேர் சொல்லியிருந்தார்.

படத்தின் கதை இதுதான். மன்னார்ப் பாலத்தின் நடுவில் ஒரு கழுதை வந்து நிற்கிறது. பின்னால் பஸ், மீன் லொறி, ஓட்டோ எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு ஹோர்ன் அடித்தும் கழுதை அசையவில்லை. கடைசியில் பொலிஸ்காரர் தடியோடு வந்து துரத்துகிறார்.

புதன்கிழமைக்குள் படம் எடுத்து முடிந்தது. இனிக் குரல்கள்தான். பஸ் சாரதி, லொறிக்காரர், பொலிஸ்காரர், கழுதை எல்லோருக்கும் பவ்ஸானே பேசினான். பிறகு ஸரீனாவுக்குப் போட்டுக் காட்டினான்.

ஸரீனா கடைசிவரை பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரே தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச மாதிரி இருக்கு காக்கா," என்றாள்.

அவள் சொன்னது சரிதான். வேறொரு குரல் வேண்டும். யாரைக் கேட்பது?

அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு உண்மையான கழுதை குறுக்கே நின்றது. மன்னாரில் அது புதினமில்லை. கழுதைகள் தங்கள் பாட்டில் தெருவில் திரியும். பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. கழுதை காதைக்கூட அசைக்கவில்லை.

அப்போது அவன் வகுப்பில் படிக்கும் ஜெயகௌரி அதற்குக் கிட்டப் போனாள். காதின் அடியைச் சொறிந்துகொண்டு, "என்னடா செல்லம், கோவமா? எல்லாரும் ஸ்கூலுக்குப் போகணும்ல. கொஞ்சம் நகந்துக்கோ," என்றாள். கழுதை அவளைப் பார்த்தது. பிறகு ஆடி ஆடி ஓரமாகப் போனது.

பவ்ஸான் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஜெயகௌரியின் குரலை அவன் கேட்டுப் பல நாட்களாகியிருந்தன.

அவள் இந்தத் தவணைதான் வகுப்பில் சேர்ந்தவள். தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். இப்போது குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தாள். வந்த புதிதில் அவள், "வர்றேன் சார்," என்று சொன்னதும் கடைசி வாங்கில் இருக்கும் பின்வாங்குப் பையன்கள், "வர்றேன் சார், போறேன் சார்," என்று பாட்டாகவே பாடினார்கள். அதிலிருந்து அவள் எதற்கும் தலையை மட்டும்தான் ஆட்டுவாள்.

இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டா பேசாமல் இருக்கிறாள்? இடைவேளை மணி அடித்ததும் பவ்ஸான் அவளிடம் ஓடினான். "ஜெயகௌரி, எங்கட படத்தில வாற கழுதைக்கு உன்ர குரல்தான் பொருத்தம்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

பின்வாங்கில் சிரிப்பு வெடித்தது. ஒருவன் கழுதைபோலக் கத்தினான். ஜெயகௌரியின் முகம் சிவந்தது. அவள் எழும்பி வெளியே போய்விட்டாள்.

பவ்ஸானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தின் கதாநாயகனே கழுதைதானே? அதற்குப் பேசக் கேட்பது எவ்வளவு பெரிய மரியாதை?

வீட்டுக்கு வந்து நடந்ததை ஸரீனாவிடம் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஆராவது, உன்ர குரல் கழுதைக்குத்தான் சரி எண்டு சொன்னா எப்பிடி இருக்கும் காக்கா?"

பவ்ஸானின் காது சூடானது. அவன் போய் மேசைக்கு முன்னால் இருந்தான். படத்தை ஓடவிட்டான். பொலிஸ்காரர் தடியோடு வந்தார். கழுதை ஓடியது. நேற்றுவரை அவனுக்கு நிரம்பப் பிடித்த இடம் அது. இன்று பார்க்கச் சப்பென்று இருந்தது. காலையில் வாசலில் நின்ற கழுதையை யாரும் தடியால் துரத்தவில்லையே.

"ஸரீனா," என்றான். "முடிவை மாத்தப் போறன். பொம்மைப் பெட்டியை எடு."

நாளைக்குக் கண்காட்சி. பின்னேரம் மட்டும்தான் மிச்சம். இருவரும் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பள்ளிக்கூடச் சட்டை போட்ட சிறுமிப் பொம்மை எங்கும் இல்லை. டொக்டர் பொம்மையின் வெள்ளை உடம்பைக் கழற்றினார்கள். அதில் விமானம் ஓட்டும் பெண்ணின் தலையை மயிரோடு பொருத்தினார்கள். பாவம் டொக்டர், தலை மட்டும் மேசையில் கிடந்து சிரித்தது. பொலிஸ்காரரின் தடி அலுமாரிக்குள் போனது.

ஜன்னல் வெயில் நகர்ந்தால் படத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு எரியும். அதனால் ஜன்னலைச் சாத்தி, மேசை விளக்கைப் போட்டார்கள். வியர்த்துக் கொட்டியது. ஸரீனா சிறுமியை நகர்த்தினாள். பவ்ஸான் படம் எடுத்தான். சிறுமி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பாலத்தில் நடந்தாள். கழுதையின் காதடியில் கை வைத்தாள். கழுதை தலையைச் சரித்தது.

ஓடவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினார்கள், குதிப்பதற்கு.

உம்மாவிடம் கேட்டுக்கொண்டு, போனோடு இரண்டு தெரு தள்ளியிருந்த ஜெயகௌரியின் வீட்டுக்குப் போனார்கள். அவளுடைய அம்மா, "வாங்கோ பிள்ளையள்," என்று உள்ளே கூப்பிட்டு, மகளையும் அழைத்தார். ஜெயகௌரி கதவு நிலையோடு நின்றுகொண்டாள்.

"நான் சொன்னது பிழை," என்றான் பவ்ஸான். "எல்லாருக்கும் முன்னால அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. கழுதைக்கு நானே கதைக்கிறன். நீ இதை ஒருக்காப் பார்."

அவள் போனை வாங்கினாள். மஞ்சள் காலைக் கண்டதும் உதட்டோரம் துடித்தது. பஸ்ஸிலிருந்து சிறுமி இறங்கியதும் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். படத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு என்ன சொல்றா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. அது உனக்குத்தான் தெரியும்."

"நான் பேசுற மாதிரியேவா?"

"ஓம். காலமை வாசல்ல நீ கழுதையோட கதைச்ச மாதிரியே."

ஜெயகௌரி நிலத்தில் சப்பணமிட்டு இருந்தாள். சத்தம் விழாமல் இருக்க அவளுடைய அம்மா மின்விசிறியை நிறுத்தினார். முதல் தடவை குரல் நடுங்கியது. அடுத்த தடவை பவ்ஸான் கழுதையாகக் கனைக்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த தடவை எல்லாம் சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் மன்னார்ப் பாலம் பெரிதாக விரிந்தது. மஞ்சள் கால் கழுதை நடுவில் வந்து நின்றதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பஸ் ஹோர்ன் அடித்தது. லொறி ஹோர்ன் அடித்தது. கழுதை கொட்டாவி விட்டது. மண்டபமே சிரித்தது. சிறுமி பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"என்னடா செல்லம், கோவமா? எல்லாரும் ஸ்கூலுக்குப் போகணும்ல. கொஞ்சம் நகந்துக்கோ."

மண்டபத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் கழுதையையே பார்த்தார்கள்.

"போறன்," என்றது கழுதை. "ஆனா மற்றக் காதையும் சொறிஞ்சு விடு."

மறுபடியும் சிரிப்பு கூரையைத் தொட்டது. பின்வாங்குப் பையன்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்கள். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்கள். இன்னொரு தரமும் போட்டார்கள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. அந்தச் சிறுமியின் குரல் யாருடையது என்று நவரத்தினம் சேர் கேட்டார். பவ்ஸானுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

ஜெயகௌரி எழும்பினாள்.

"நான்தான் சார்," என்றாள். கடைசி வரிசைவரை அது தெளிவாகக் கேட்டது. "அந்தக் கழுதை, பவ்ஸான்."

மண்டபம் முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. பவ்ஸான் எழும்பி நின்றான். ஒருமுறை தொண்டையைச் செருமினான். பிறகு தெருவில் நின்ற கழுதைக்கும் கேட்கும்படி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக் கனைத்துக் காட்டினான்.