பாதியில் நின்ற டைமர்

மதியம் ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, கேமராவின் டைமர் லிவர் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.

மியோஷி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தார். ஐம்பத்தாறு வயதுக் கண். போன வாரம் பக்கத்துத் துணிக்கடைப் பொம்மைக்கு அவரைக் குனிந்து வணக்கம் சொல்ல வைத்த கண். ஆனால் லிவர் முப்பத்தொரு வருடம் இறுகிக் கிடந்தது. அவர் இன்னும் அதன் மேல் ஒரு சொட்டு பென்சீன்கூட விடவில்லை.

கேமரா காலையில்தான் பழுதுபார்க்க வந்தது. மேல் கண்ணால் பார்த்து, கீழ்க் கண்ணால் படம் பிடிக்கும் பழைய இரட்டைக் கண் பெட்டி. எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதையே, அதைக் கொண்டுவந்த கிழவர் தோகுராவிடமும் சொன்னார்.

"பழைய ஷட்டர்ல இந்த லிவரை மட்டும் தொடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கறேன். யாருங்க இழுத்த புண்ணியவான்?"

"நான்தான்," என்றார் கிழவர். "வாகாயாமா கடல்ல, அலைதடுப்புச் சுவர் மேல. லிவரை இழுத்துட்டு ஓடிப்போய் பொண்டாட்டிக்கும் பொண்ணுக்கும் நடுவுல நின்னேன். டைமர் கொர்ருன்னு ஓடி பாதியில நின்னுடுச்சு. அசையாதீங்க, சிரிச்சபடியே இருங்கன்னு சொல்லிட்டு வந்து, குனிஞ்சு தட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு அலை. நிமிர்ந்தா ஈர சிமெண்டுதான் இருந்துச்சு."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மியோஷி, சுத்தமாக இருந்த மேசையை மறுபடி துடைத்தார்.

"அதுக்கு முன்னாடி எடுத்த ஏழு படம் உள்ளே இருக்கு. சதோகோவும் நாஹோவும் இருக்கற கடைசிப் படங்க. இத்தனை வருஷம் தொட தைரியம் இல்ல. இப்ப டாக்டர், வசந்தத்துல சகுரா பூக்கற வரைக்கும்தான் இருப்பேன்னு சொல்லிட்டார். அந்த ஆள் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்."

"அஞ்சு மணிக்கு வாங்க ஐயா. பிலிம் என் பொறுப்பு."

பொறுப்பு சிக்கலானது. ஷட்டர் விழுந்தால்தான் கைப்பிடி சுழலும். கைப்பிடி சுழன்றால்தான் பிலிம் நகரும். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் வைத்துத் திறந்து இழுத்தால், உப்புக்காற்று தின்ற பிலிம் கிழிந்துவிடும். டைமர் ஓடி முடிவது ஒன்றே வழி. கீழ்க் கண்ணுக்கு மூடி போட்டு, முன்தகட்டைக் கழற்றி, பல்சக்கரங்களுக்கு ஊசி முனையால் பென்சீன் தொட்டு வைத்தார். வெளியே ஒசாகாவின் குளிர்கால மழை. பென்சீன் நெடிக்கு அடியிலிருந்து, மெதுவாக, ஈரக் கடல்பாசியின் வாடை எழுந்தது. கீழே உலர்ந்த கடல்பாசி விற்கும் கடையின் வேலை என்று நினைத்தார். அந்தக் கடைக்குப் புதன்கிழமை விடுமுறை என்பது பிறகு ஞாபகம் வந்தது.

இன்று புதன்.

கொர்ர்ர்... நின்றது.

பழக்கத்தில் மேல்மூடியைத் திறந்து, மேல் கண்ணின் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடிக்குள் குனிந்தார். இடவலம் மாறிய கடை. கதவு, குடைத்தாங்கி, வாடிக்கையாளர் நாற்காலி. நாற்காலியை ஒட்டி ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. முடியிலிருந்து நீர் ஒழுகியது. சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்தார். நாற்காலி மட்டும்.

கொர்ர்ர்.

குனிந்தார். நாற்காலிக்கு இப்பால் வந்திருந்தார்கள். சக்கரம் ஓடினால் வருகிறார்கள், நின்றால் நிற்கிறார்கள். நெடுநேரம் பிடித்துவைத்த சிரிப்பில் கன்னங்கள் துடித்தன. அவர்கள் பார்த்தது கண்ணாடியை அல்ல. அதன் மேல் குனிந்திருப்பவனை.

சட்டென்று லிவருக்கு அடியில் விரலைக் கொடுத்தார். சக்கரம் நின்றது. இடுக்கியால் சக்கரத்தின் ஒரு பல்லை ஒடித்தால் போதும், இனி எப்போதும் ஓடாது. ஏழு படங்களும் உள்ளேயே மட்கும். சகுரா பூக்கும். கிழவர் போய்விடுவார்.

'நீயெல்லாம் ஒரு மெக்கானிக். பிலிம் என் பொறுப்பென்று வாயை வேறு விட்டாய்,' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

விரலை எடுத்தார்.

கொர்ர்ர்ர்ர்.

கண்ணாடி முழுக்க நனைந்த துணி. பிறகு இருட்டு.

க்ளிக்.

கைப்பிடி வெண்ணெய்போல் சுழன்றது. பிலிம் நகர்ந்தது. கிழியவில்லை. குனிந்து பார்த்தார். கதவு, குடைத்தாங்கி, நாற்காலி. வேறு யாருமில்லை.

அவர்கள் கண்ணாடியைத் தாண்டிவிட்டிருந்தார்கள்.

படியில் கைத்தடிச் சத்தம். கதவு திறந்தது.

"என்னப்பா, முடிச்சிட்டியா இல்ல..." என்று தொடங்கிய தோகுரா அப்படியே நின்றார். குடை கை நழுவியது. மியோஷியின் இடப்பக்கத்தைப் பார்த்து, "சதோகோ," என்றார். பிறகு வலப்பக்கம், இடுப்புயரத்தில். "நாஹோ."

பிலிம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வந்தார் மியோஷி. பேச வாய் குவியவில்லை. இரண்டு ஈரக் கைகள் அவர் முழங்கைகளோடு கோத்திருந்தன. சட்டையின் கைமுனைகளிலிருந்து கடல்நீர் மேசையில் சொட்டியது. அவருடைய உதடுகள் பல் தெரிய விரிந்து, கன்னம் வலிக்க வலிக்க, சிரித்துக்கொண்டே இருந்தன.